மாலை ஏழு மணிக்குப் பொதுக்குழு வைக்கும் அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் இயன்முறை மருத்துவர்களுக்காக, அதாவது பிசியோதெரபிஸ்டுகளுக்காகச் சங்கம், கிளை, குழு என்று நடத்திவரும் பொறுப்பாளர்களுக்கும், பிசியோதெரபி துறை வைத்திருக்கும் ஆஸ்பத்திரி, கல்லூரி நிர்வாகத்தாருக்கும் வணக்கம்.

தக்கலைப் பக்கம் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் பல வருடங்கள் ஆஸ்பத்திரிகளில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவள். சங்கச் சந்தாவில் பாக்கி கிடையாது. இதை நம் வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போட்டேன். நாலு பேர் கைகூப்பும் பொம்மை அனுப்பினார்கள். அப்புறம் ஓர் அண்ணன் மூட்டுவலித் தைலத்தின் விளம்பரத்தை அனுப்பினார். பேச்சு அத்தோடு முடிந்தது. அதனால்தான் இந்த மடல்.

நம் தொழிலில் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று யாரும் தேட வேண்டியதில்லை. பிபிடி என்ற பிசியோதெரபிப் பட்டப்படிப்பு வகுப்பில் போய் எட்டிப்பாருங்கள், பெஞ்சு நிறையப் பெண்பிள்ளைகள். கிளினிக்குகளில் மெஷின் ஓட்டுகிறவர்கள், வார்டில் ஆபரேஷன் முடிந்த நோயாளியை முதல் நாளே எழுப்பி நடத்துகிறவர்கள், ஸ்கூட்டியில் ஹோம் விசிட் போகிறவர்கள் எல்லாம் பெரும்பாலும் அவர்கள்தான். அதே ஆட்களைச் சங்கப் பொறுப்பாளர் பட்டியலில் தேடினால், துணைத்தலைவர் என்று ஒரு பெயர் இருக்கும், கீழே மகளிர் அணி என்று இரண்டு பெயர் இருக்கும். தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றும் ஆண்கள். ஆஸ்பத்திரிகளிலும் ஏறக்குறைய இதே கதைதான். இன்சார்ஜ் நாற்காலியில் ஒரு தம்பி இருப்பார். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த அக்கா அவருக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த நோயில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கையில், உலகம் முழுக்க மருத்துவப் பணியில் இருப்பவர்களில் சுமார் 70 விழுக்காடு பெண்கள், உயர் பொறுப்புகளில் இருப்பவர்களில் அவர்கள் 25 விழுக்காடுதான் என்று கணக்குச் சொன்னார்கள். ஆனால் பிசியோதெரபிக்கு இது கூடுதல் வெட்கம். ஏனென்றால் இந்தத் தொழிலை ஒரு தொழிலாக்கியதே பெண்கள்.

1894இல் லண்டனில் நாலு நர்சுகள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். ரோசலிண்ட் பேஜெட், லூசி ராபின்சன், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பால்மர். அந்தச் சமயத்தில் மசாஜ் என்றாலே ஊரில் வேறு அர்த்தம். மசாஜ் நிலையம் என்று போர்டு மாட்டிக்கொண்டு விபச்சாரம் நடத்தினார்கள், பத்திரிகைகளில் அதைப் பற்றிக் கண்டனம் வந்தது. முறையாகப் படித்துக் கைவேலை செய்த பெண்களின் பெயரும் அதில் சேர்ந்து கெட்டது. அந்த நால்வரும் தேர்வு வைத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள், ஒழுங்குவிதிகளை எழுதினார்கள். அதுதான் பின்னாளில் பிரிட்டனின் பிசியோதெரபிச் சங்கமாக வளர்ந்தது. அமெரிக்காவில் முதல் உலகப்போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்குச் சிகிச்சை கொடுத்த பெண்கள் 1921இல் சங்கம் அமைத்து, மேரி மெக்மிலன் என்பவரை முதல் தலைவராக்கினார்கள். அந்தச் சங்கத்தின் முதல் பெயரிலேயே பெண்கள் சங்கம் என்றுதான் இருந்தது. 1951 செப்டம்பர் 8இல் உலகக் கூட்டமைப்பு உருவானபோது முதல் தலைவர் மில்ட்ரெட் எல்சன், அவரும் பெண்தான். 2015 முதல் 2023 வரை அதே அமைப்புக்குத் தலைவராக இருந்தவர் அயர்லாந்துக்காரரான எம்மா ஸ்டோக்ஸ். வருடாவருடம் செப்டம்பர் 8 அன்று உலக பிசியோதெரபி தினம் என்று நீங்கள் கேக் வெட்டி, கலெக்டர் அலுவலகத்துப் பக்கம் பேரணி நடத்துகிறீர்களே, அந்த நாளின் வரலாறு இது. பேனரில் யார் படம் இருந்தது என்று வீட்டுக்குப் போய் போட்டோவை எடுத்துப் பாருங்கள்.

வெளிநாட்டுக் கதை எதற்கு என்பவர்களுக்கு வேலூர் கிட்டத்தில்தான் இருக்கிறது. மேரி வர்கீஸ் கொச்சியில் பிறந்தவர். சிஎம்சியில் டாக்டராக இருந்தவருக்கு 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு போய், இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் ஆகிவிட்டது. அங்கே அறுவைசிகிச்சை நிபுணராக இருந்த பால் பிராண்ட் கொடுத்த பயிற்சியில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறைக்கே தலைவரானார். நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியில் 1966இல் திறந்தது. முதுகுத்தண்டு அடிபட்டவர்களை ஒரு மூலையில் படுக்க வைத்துவிட்டு, படுக்கைப்புண்ணில் சாகட்டும் என்று விட்ட காலம் அது. பனையிலிருந்து விழுந்த எத்தனையோ பேரை நம் மாவட்டத்திலிருந்து வேலூருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்தக் கட்டிலுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் நிர்வாகம் இருந்தது.

இன்னும் கிட்டத்தில் வருகிறேன். நாம் திருவிதாங்கூராக இருந்த காலம். 1938இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சர்ஜன் ஜெனரல், அதாவது மருத்துவத் துறைக்கே தலைவர், மேரி புன்னன் லூக்கோஸ் என்ற பெண். கல்லூரியில் பெண் என்பதற்காக அறிவியல் படிக்க இடம் மறுக்கப்பட்டு, லண்டன் போய் 1915இல் எம்பிபிஎஸ் முடித்தவர். நாகர்கோவிலில் காசநோய் சானடோரியம் வந்ததே அவரால்தான். இந்த மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரிகள் எல்லாம் அன்றைக்கு ஒரு பெண்ணின் கையெழுத்துக்குக் கீழேதான் நடந்தன. ஆக, எண்பது வருடங்களுக்கும் முன்னால் ஒரு சமஸ்தானத்தையே நம்பி ஒப்படைக்க முடிந்தது. இன்றைக்கு ஒரு மாவட்டக் கிளையின் ரசீதுப் புத்தகத்தை ஒப்படைக்க யோசனையாக இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம் என்று பீற்றிக்கொள்கிற மாவட்டம் வேறு!

சரி, நீங்கள் சொல்லும் பதில்களுக்கு வருகிறேன். முதல் பதில் எப்போதும் ஒன்றுதான். “நாங்க கூப்பிட்டோம், லேடீஸ் யாரும் வரல்ல.”

எப்போது கூப்பிட்டீர்கள் அண்ணா? பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு, நாகர்கோவிலில் ஓட்டல் மாடியில். கூட்டம் ஏழுக்கு என்றால் எட்டுக்குத் தொடங்கும். வரவேற்புரை, பொன்னாடை, கம்பெனிக்காரரின் மெஷின் விளக்கம் எல்லாம் முடிந்து தேர்தல் பேச்சு எடுக்கும்போது ஒன்பதரை. கொல்லங்கோட்டிலிருந்தோ குலசேகரத்திலிருந்தோ வருகிறவள் அந்த நேரத்தில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். வீட்டில் பிள்ளைக்கு மறுநாள் பள்ளிக்கூடம். அதனால் அவள் எட்டரைக்கே எழுந்து போய்விடுவாள். பிரியாணி பரிமாறும்போது பொறுப்பாளர் பெயர்கள் முன்மொழியப்படும், கைதட்டலில் நிறைவேறும். போட்டியின்றித் தேர்வு என்று மறுநாள் குழுவில் செய்தி வரும். போட்டியிடக்கூடியவர்கள் எல்லோரும் அந்த நேரம் பஸ்ஸில் இருந்தார்கள் என்பது செய்தியில் வராது.

உண்மையான முடிவுகள் அந்தக் கூட்டத்தில்கூட எடுக்கப்படுவதில்லை என்பது வேறு. அது முடிந்தபிறகு வாசலில் பைக்கைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு, டீ குடித்துக்கொண்டு பேசுவீர்களே, அங்கேதான் முடிவாகும். அந்த டீக்கடைக்கு எங்களைக் கூப்பிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அங்கே பேசுவதைக் கூட்டத்தில் பேசுங்கள், மினிட்டில், அதாவது கூட்டக் குறிப்பேட்டில் எழுதுங்கள் என்கிறேன்.

இரண்டாவது பதில், பெண்களுக்குப் பொறுப்பை நடத்தும் அனுபவம் போதாது என்பது. இதைக் கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

கிள்ளியூர்ப் பக்கம் ஒரு வீடு. கடலிலேயே பல நாள் தங்கிப் பிடிக்கும் தங்கல் மீன்பிடிக்குப் போய்க்கொண்டிருந்தவர், பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. நம் தொழிலில் உள்ள ஒரு பெண் அங்கே ஹோம் விசிட் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு வாரம் முடியாமல் போனதால் நான் போக வேண்டியிருந்தது, வீட்டைக் காட்ட அன்றைக்கு அவரும் கூட வந்தார். அந்த வீட்டம்மா ஒல்லியான ஆள், புருஷனோ நல்ல கனமான உடம்பு. முன்பெல்லாம் அக்குளுக்குள் கையை விட்டுத் தூக்கியிருக்கிறார்கள். பக்கவாதம் வந்த தோளில் தசைப் பிடிப்பு இருக்காது, அப்படித் தூக்கினால் மூட்டு இறங்கிவிடும், பிறகு ஆயுசுக்கும் வலி. இந்தப் பெண் என்ன செய்திருந்தார் தெரியுமா? பழைய சேலை ஒன்றை நாலாக மடித்து, அவர் இடுப்பில் பெல்ட் மாதிரி இறுக்கிக் கட்டச் சொல்லிக் கொடுத்திருந்தார். வீட்டம்மா தன் முழங்காலை அவர் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து, சேலைப் பட்டையைப் பிடித்து, “குனியும், இப்ப எழும்பும்” என்று சொல்லி ஒரே வீச்சில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றினார். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்திக்கும் அதைப் பழக்கிவிட்டிருந்தார், அவசரத்துக்கு உதவட்டும் என்று. சுவரில் காலண்டருக்குப் பின்பக்கம் எந்த நேரத்துக்கு எந்தப் பயிற்சி என்று பேனாவால் எழுதி ஒட்டியிருந்தது. அந்த வீட்டில் யார் எதைச் செய்ய வேண்டும், எது செய்யக்கூடாது, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் எல்லாம் அதில் இருந்தது. படித்த துறைத்தலைவர்கள் போடும் ட்யூட்டி சார்ட்டில்கூட அவ்வளவு தெளிவு நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நாள் கழித்துப் பக்கவாத மறுவாழ்வு பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. வெளியூர்ப் பேராசிரியர்கள் வந்து ஸ்லைடு காட்டினார்கள், நன்றாகத்தான் பேசினார்கள். வீட்டில் நோயாளியைக் கையாளுவது என்று ஒரு தலைப்பும் இருந்தது. அதைப் பேசியவர் ஹோம் விசிட் போய் எத்தனையோ காலமாகிவிட்டது என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தப் பெண் அன்றைக்கு எங்கே இருந்தார்? வாசலில், பதிவு மேசையில், வருகிறவர்களுக்குப் பையும் பேனாவும் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரோடு இன்னும் மூன்று பெண்கள், எல்லாருக்கும் ஒரே கலர் சேலை. அந்தச் சேலைக்குக் கலர் தேர்ந்தெடுத்ததுதான் அன்றைக்கு மகளிர் அணிக்குக் கொடுத்திருந்த அதிகாரம்.

கருத்தரங்குத் தலைப்புகளை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது சின்ன விஷயமில்லை. நம் கூட்டங்களில் முழங்கால், தோள், கழுத்து, கிரிக்கெட் ஆடுகிறவனின் காயம் எல்லாம் திரும்பத் திரும்ப வந்துவிட்டது. அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில் நாள் பூராவும் குந்தியிருந்து வேலை செய்யும் பெண்கள், விடியற்காலையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போய்க் குனிந்து நிமிரும் பெண்கள், மீன்பெட்டி சுமக்கும் பெண்கள் எல்லாம் முதுகு வலி என்றுதான் என்னிடம் வருகிறார்கள். மூன்றாவது நாள், நாலாவது நாள்தான் வாய் திறப்பார்கள். இருமினால், தும்மினால், பாரம் தூக்கினால் சிறுநீர் கசிகிறது என்று. அறுபது வயதுக்காரி ஒரு தாய், கர்ட்டனை இழுத்துவிட்டுக்கொண்டு, “இத எனக்க மவன்கிட்ட சொல்ல முடியுமா மக்ளே” என்றார். பிரசவத்துக்குப் பிறகு தொடங்கி, முப்பது வருடமாக அதோடு வாழ்ந்திருக்கிறார். வெளியே தெரியக்கூடாது என்று கல்யாண வீட்டுக்குப் போவதையே விட்டிருக்கிறார்.

இதற்கு முதல் சிகிச்சை மாத்திரையும் இல்லை, கத்தியும் இல்லை, நம் கையில் இருக்கும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சிதான், சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசைகளுக்கான பயிற்சி. முறையாகச் சொல்லிக்கொடுத்து, குறைந்தது மூன்று மாதமாவது கூட இருந்து செய்ய வைக்க வேண்டும். கெகல் என்ற டாக்டர் 1948லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். புதுச் சங்கதி ஒன்றுமில்லை. நான் இதைக் கருத்தரங்குத் தலைப்பாகக் கேட்டபோது, “அது ஒரு மாதிரியா இருக்கும் மேடம், ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் வருவாங்க” என்று பதில் வந்தது. பேசியவர் கெட்டவர் இல்லை, கூச்சப்பட்டார். ஆனால் நிகழ்ச்சிக் குழுவில் ஐந்து பேரும் கூச்சப்படுகிறவர்களாக இருந்தால் மாவட்டத்தில் பாதிப்பேரின் நோய்க்குக் கூட்டத்தில் இடமிருக்காது. பெண்ணைத் தலைமையில் வையுங்கள் என்று நான் சொல்வது பெண்ணுக்கு மரியாதை செய்வதற்காக என்று நினைத்துவிடாதீர்கள். மரியாதை பொன்னாடையிலேயே வேண்டியமட்டும் கிடைத்துவிட்டது, பீரோவில் இடமில்லை. நோயாளிக்காகக் கேட்கிறேன்.

ஹோம் விசிட் விஷயமும் அப்படித்தான். வீட்டுக்குப் போய்ச் சிகிச்சை கொடுப்பதற்குக் கட்டணம் எவ்வளவு, பெட்ரோல் யார் கணக்கு, இரவு எத்தனை மணிக்கு மேல் போகக்கூடாது, வீட்டில் ஆண் நோயாளி மட்டும் தனியாக இருந்தால் என்ன செய்வது என்பதற்கெல்லாம் நம்மிடம் எழுதிவைத்த விதி ஒன்றும் இல்லை. போகிறவள் தன் சாமர்த்தியத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியது. எங்களுக்குள் நாங்களே ஒரு வழி வைத்திருக்கிறோம். எந்த வீட்டில் எப்படி, எங்கே கதவைத் திறந்து வைக்கச் சொல்ல வேண்டும், எந்த வீட்டுக்கு இரண்டு பேராகப் போக வேண்டும் என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்கிறோம். 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில், வேலை நிமித்தமாகப் போகும் இடமும் பணியிடம்தான். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் சின்னக் கிளினிக் என்றால், மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். அந்தக் குழுவுக்குத் தலைவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இதை நம் சங்கம் உறுப்பினர்களுக்கு ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறதா? ஹோம் விசிட் போகிறவள் செயலாளராக இருந்திருந்தால் முதல் சுற்றறிக்கையே அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபிறகு, வீடு தேடிப் போகும் பிசியோ என்பது ஊரெல்லாம் தெரிந்த ஆளாகிவிட்டார். நம் மாவட்டத்தின் ஒன்பது ஒன்றியங்களிலும், தோவாளையிலிருந்து முஞ்சிறை வரை, எந்தச் சந்துக்குள் வண்டி போகும், எந்த வீட்டில் கட்டில் உயரம் சரியில்லை என்று தெரிந்தவர்கள் இவர்கள். மாவட்டத்தில் மறுவாழ்வுத் தேவை எங்கே எவ்வளவு என்று கணக்கெடுக்கச் சொன்னால் இவர்கள் வாயாலேயே சொல்லிவிடுவார்கள். யாரும் கேட்பதில்லை.

ஓர் இடைச்செருகல். நம் ஊரில் எலும்பு முறிந்தாலும் சுளுக்கினாலும் ஜனங்கள் முதலில் போவது நம்மிடம் இல்லை, வர்ம ஆசானிடம்தான். அதில் எனக்கு வருத்தமில்லை, முறிவெண்ணெய் வாசம் இல்லாத வீடு இங்கே உண்டா? அந்த வைத்தியசாலைகளில் பெண் நோயாளிக்கு எண்ணெய் போட்டுத் தடவி, கட்டுக் கட்டியது பெரும்பாலும் ஆசானின் மனைவியோ மகளோதான். போர்டில் ஆசான் பெயர், அடுத்து அவர் மகன் பெயர். அந்த அம்மாவின் கைப்பக்குவம் அவரோடு போய்விடும். நாம் பட்டம் படித்து, பல்கலைக்கழகச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியவர்கள். நாமும் அதே போர்டைத்தான் வேறு எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

இதையெல்லாம் இப்போது ஏன் அவசரமாகச் சொல்கிறேன் என்றால், 2021இல் வந்த துணைமருத்துவ, நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். பிசியோதெரபி அதில் தனி வகை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு மன்றம், அந்த மன்றத்தில் பதிவேடு, பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் தொழில் என்று சட்டம் வகுத்திருக்கிறது. படிப்பின் தரம், கல்லூரிகளுக்கு அனுமதி, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் இனி இந்த அமைப்புகள் வழியாகத்தான். அங்கெல்லாம் உட்கார ஆள் தேடும்போது யார் பெயர் போகும்? ஏற்கெனவே சங்க லெட்டர்பேடில் பெயர் இருப்பவர்கள் பெயர்தான் போகும். மாவட்டத்தில் பொருளாளராகக்கூட இருந்திராத பெண் மாநில மன்றத்துக்கு எப்படிப் போவாள்? இன்றைக்குக் கைதட்டலில் நிறைவேற்றும் பட்டியல் இன்னும் இருபது வருடத்துக்கு இந்தத் தொழிலை யார் ஆள்வது என்பதைத் தீர்மானிக்கிறது.

2025 செப்டம்பரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பிசியோதெரபிஸ்டுகள் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடக்கூடாது என்று டெல்லியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அன்று இரவு நம் குழு தூங்கவில்லை. வக்கீலைப் பார்த்தவர்கள், மந்திரிக்கு மனு எழுதியவர்கள், பத்திரிகைக்குப் பேசியவர்கள் என்று அண்ணன்மார் எல்லாரும் களத்தில் நின்றீர்கள். மறுநாளே அந்தக் கடிதம் நிறுத்தி வைக்கப்பட்டது. நானும் சந்தோஷப்பட்டேன், மனுவில் கையெழுத்தும் போட்டேன். உங்களால் முடியும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். நினைத்தால் ஒரே இரவில் முடிகிறவர்களுக்கு, பொதுக்குழு நேரத்தை மாற்ற இத்தனை வருடம் பிடிக்கிறது.

“பெண்களுக்குள்ளேயே ஒத்துப்போகாது” என்று ஒரு பதிலும் உண்டு, அதைத் தாழ்ந்த குரலில் சொல்வீர்கள். அண்ணா, நம் மாவட்டத்தில் இந்தத் தொழிலுக்கு எத்தனை வாட்ஸ்அப் குழு இருக்கிறது, ஒவ்வொன்றும் எந்தச் சண்டையில் பிரிந்து வந்தது என்று எண்ணிப்பாருங்கள். பிரித்தவர்களில் பெண் யாராவது உண்டா?

என் தோழிகளுக்கும் ஒரு வார்த்தை. “எனக்கு எதுக்கு இந்த வம்பு, வேல பாத்தமா வீட்டுக்குப் போனமான்னு இருக்கணும்” என்று நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டில் சமையல், பிள்ளை, மாமியார் மருந்து, சீட்டுக் கணக்கு எல்லாம் ஒரே தலையில் ஓட்டுகிற நீங்கள், சங்கத்து வரவு செலவைப் பார்க்க எனக்குத் தெரியாது என்று சொன்னால் நான் நம்பப்போவதில்லை. யாராவது உங்கள் பெயரை முன்மொழிந்தால் தயவுசெய்து உடனே வேண்டாம் என்று கையை ஆட்டாதீர்கள். ஒரு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லுங்கள்.

இப்போது கேட்பதைக் கேட்டுவிடுகிறேன்.

பொதுக்குழுவை இரண்டாம் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வையுங்கள். ஞாயிறு காலை என்று யாரும் யோசனை சொல்ல வேண்டாம், இந்த மாவட்டத்தில் பாதிப்பேர் சர்ச்சில் இருப்போம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று மாற்றி மாற்றி நடத்தினால் மேற்குப் பக்கத்துக்காரர்களுக்கும் எட்டும். ஓட்டல் வேண்டாம், ஏதாவது பள்ளிக்கூட அறை போதும். பிள்ளைகளைக் கூட்டிவந்தால் விளையாட முற்றமாவது இருக்கும். தேர்தலைக் கூட்டத்தின் முதல் நிகழ்ச்சியாக வையுங்கள், யார் யார் போட்டியிடுகிறார்கள் என்று ஒரு மாதம் முன்பே எல்லாருக்கும் அனுப்புங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றில் இரண்டு இந்த முறை பெண்களுக்கு. மகளிர் அணியைக் கலைத்துவிடுங்கள், எங்களுக்கு அது வேண்டாம். ஒரே ஆள் இரண்டு முறைக்கு மேல் ஒரே பதவியில் இருக்கக்கூடாது என்று விதியில் சேருங்கள், பெண்ணாக இருந்தாலும் சரிதான்.

ஆஸ்பத்திரி நிர்வாகத்தாரிடம் கேட்பது ஒன்றே ஒன்று. இன்சார்ஜ் பதவிக்கு ஆள் எடுக்கும்போது, பிரசவ விடுப்பில் போன காலத்தை அனுபவத்திலிருந்து கழிக்காதீர்கள். சட்டப்படி கிடைக்கிற 26 வாரத்தை எடுத்ததற்காக ஒருத்தியை இரண்டு வருடம் பின்னுக்குத் தள்ளிய இடம் எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். வாசித்தால் அவர்களுக்கே தெரியும். நேர்காணலில் “நைட் ட்யூட்டி பாக்க முடியுமா, வீட்ல விடுவாங்களா” என்று பெண்ணிடம் மட்டும் கேட்பதையும் நிறுத்துங்கள். கேட்டால் எல்லாரிடமும் கேளுங்கள்.

கல்லூரி நிர்வாகத்தாரே, மாணவர் பிரதிநிதி ஆண், துணைப் பிரதிநிதி பெண் என்று வருடாவருடம் நீங்கள் எழுதும் பட்டியலில்தான் எல்லாம் தொடங்குகிறது. அதை இந்த வருடமே மாற்றலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அடுத்த பொதுக்குழுவில் செயலாளர் பதவிக்கு நான் நிற்கிறேன். முன்மொழியவும் வழிமொழியவும் ஆள் இருக்கிறார்கள். தோற்றால் வருத்தமில்லை. ஆனால் வாக்கெடுப்பு நடக்க வேண்டும், சீட்டில் எழுதி, எண்ணி, மினிட்டில் பதிய வேண்டும். தேதி, நேரம், இடம் மூன்றையும் எழுத்தில் அனுப்புங்கள். கூடவே, கடந்த மூன்று வருட வரவு செலவுக் கணக்கின் நகலும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சக உறுப்பினர்,
தக்கலை